புளி போட்டு மினுக்கிய தூண்டாமணி

2009 மே 23, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். பன்னிரண்டு பாகை. மேற்குக் காற்று. குடை விரிக்கும் அளவுக்கு இல்லாத, ஆனால் மூக்குக் கண்ணாடியை ஓயாமல் துடைக்கவைக்கும் தூறல். ஒடென்சேயில் ஒரு விளையாட்டு மண்டபத்தின் வாசலில் நானும் மனைவியும் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் முப்பத்தேழு பேர். என் கையில் நீலத் துணிப்பை, அதற்குள் இரண்டு துவாய்களில் சுற்றிய வெண்கல விளக்கு. நாலரைக் கிலோ. குளியலறைத் தராசில் விளக்கோடு ஒருமுறை, விளக்கில்லாமல் ஒருமுறை ஏறிக் கழித்துப் பார்த்திருந்தேன்.

அன்று அங்கே மதிப்பீட்டு நாள். ஏல நிறுவனம் ஒன்றின் ஆட்கள் கோபன்ஹேகனிலிருந்து வந்து ஊர் ஊராக நடத்துவது. வீட்டில் கிடக்கும் பழைய பொருளைக் கொண்டுபோனால் அது என்ன, எந்தக் காலத்தது, ஏலத்தில் எவ்வளவுக்குப் போகும் என்று சொல்வார்கள். கட்டணம் இல்லை. ஆளுக்கு மூன்று பொருள்வரை காட்டலாம். எங்களிடம் இருந்தது ஒன்று. பஸ்ஸுக்கு மட்டும் இரண்டு பேருக்கும் போய்வர ஐம்பத்தாறு குரோனர்.

விளக்கு என்னுடையதல்ல. என் அக்காவுடையது. அம்மா வழியில் குறைந்தது ஐந்து தலைமுறை கைமாறி அவருக்கு வந்தது. தூண்டாமணி விளக்கு என்பார்கள். சங்கிலியில் தொங்கும். எரியும் தட்டுக்கு மேல் ஒரு பறவை, அதன் வயிறு நிறைய எண்ணெய். தட்டில் எண்ணெய் குறைந்தால் பறவை தானாகச் சொட்டும். மட்டம் சரியானதும் தானாக நிற்கும். எங்கள் விளக்கின் சங்கிலியில் ஐம்பத்திரண்டு வளையங்கள். பறவையின் ஒரு சிறகில் இருபத்திரண்டு இறகுகள், மற்றதில் இருபத்தொன்று. வார்த்தவருக்கு இடம் போதாமல் போயிருக்கலாம். அது அன்னம் என்பது என் கருத்து. மனைவி கோழி என்பாள்.

1995இல் போருக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுவதும் எழும்பி நடந்த அன்று அக்கா அந்த விளக்கைக் கிணற்றடியில் புதைத்துவிட்டுக் கிளிநொச்சிக்குப் போனார். ஏழு வருடம் கழித்துப் போர்நிறுத்தத்தில் பாதை திறந்தபோது போய்த் தோண்டி எடுத்தார். டென்மார்க்குக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். கூடவே மூன்று வரிக் கடிதம். "தம்பி, இது உன்னட்டை இருக்கட்டும். இஞ்சை எப்ப என்ன நடக்குமெண்டு சொல்லேலாது. மினுக்காதை, நான் வந்து மினுக்கிறன்."

அப்படியே வைத்திருந்தேன். பழைய சாரத்தில் சுற்றி, நிலக்கீழ் அறையில், ஏழு வருடம். கறுப்பும் பழுப்புமாக, மடிப்புகளில் பச்சை பூத்துக் கிடந்தது.

2009 ஜனவரி 8ஆம் திகதிக்குப் பிறகு, கிளிநொச்சிப் பக்கம் இருந்த அக்காவிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. நூற்றுப் பதினான்கு நாள். மே 2ஆம் திகதி, கொழும்பில் இருக்கும் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி தொலைபேசி எடுத்தான். அக்கா போருக்குள்ளிருந்து உயிரோடு வெளியே வந்துவிட்டார், வவுனியா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஷெல் துண்டு பட்டு எலும்பு நொறுங்கியிருக்கிறது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை உறவினர் பொறுப்பெடுத்தால் ராணுவம் வெளியே விடும், கொழும்புக்குக் கொண்டுவந்து தகடு வைத்தால் கால் தப்பும், ஜூன் நடுவுக்குள் செய்யாவிட்டால் எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொன்னாராம். செலவு மூன்றரை இலட்சம் ரூபாய். அன்றைய மாற்று விலையில் பதினாறாயிரத்து ஐந்நூறு குரோனர்.

என் வங்கிக் கணக்கில் ஆயிரத்துத் தொளாயிரம் இருந்தது. ஊரில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தேன், இங்கே பத்தொன்பது வருடம் ஜன்னல் தொழிற்சாலையில் நின்றேன், இப்போது ஓய்வூதியம். வங்கி கடன் தரவில்லை. மாதம் ஆயிரம் குரோனர்ப்படி பதினாறு குடும்பங்கள் போடும் சீட்டொன்றில் நானும் இருந்தேன். ஆனால் முறைக்கு முந்தி எடுக்க நினைப்பவர் தான் விட்டுக்கொடுக்கும் தொகையை, அதாவது கழிவைக் கூற வேண்டும், கூடக் கழிவு சொல்பவருக்கே சீட்டு. அந்த மாதம் கழிவு நாலாயிரத்து இருநூறுக்குப் போனது. அப்படிக் கழித்து எடுத்தால் எனக்குக் காணாது. யாரிடமும் கைமாற்றுக் கேட்கவும் வாய் வராது. எல்லோருக்கும் அங்கே ஓர் ஆள் இருந்தது.

அக்காவோடு இரண்டு நிமிடம் கதைக்கக் கிடைத்தது. விளக்கை விற்கலாமா என்று கேட்டேன்.

"வித்துப்போடு," என்றார். "காலோ விளக்கோ எண்டால் எனக்குக் கால்தான் வேணும். விளக்கு என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகாது."

அதனால்தான் மே 9ஆம் திகதி பிரெடெரிசியாவில் நடந்த மதிப்பீட்டு நாளுக்கு நான் தனியாகப் போனேன். ரயில் போய்வர நூற்று நாற்பத்திரண்டு குரோனர். அங்கே இருந்த பெண் விளக்கைக் கையில் எடுத்து நாலு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இருநூறு வருடத்துக்கு மேல் இருக்கும், பதினைந்திலிருந்து பதினெண்ணாயிரம் வரை போகலாம் என்றார். ஆசியப் பொருட்களுக்கான நிபுணர் இரண்டு கிழமையில் ஒடென்சேக்கு வருவார், அவர் உறுதிப்படுத்தினால், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பொருளுக்கு ஏலத்துக்கு முன்னரே முற்பணம் தருவோம் என்றார். ரயிலில் திரும்பி வரும்போது பையை மடியிலேயே வைத்திருந்தேன். விலைக்காக மட்டுமல்ல. அந்தப் பெண் அதைக் கீழே வைத்தபோது, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல வைத்தார். எங்கள் வீட்டுப் பொருளை ஒரு வெள்ளைக்காரி அப்படி வைத்ததை நான் முதல்முறை கண்டேன்.

மினுக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்.

மே 18, திங்கட்கிழமை. எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். அன்று எங்கள் தொலைபேசி நாற்பத்தொரு முறை அடித்தது. எடுத்தவுடன் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "உங்கடை ஆக்கள்?" நான் நாற்பத்தொரு முறையும் "அக்கா இருக்கிறா" என்றேன். சிலர் மறுமுனையில் ஒன்றும் சொல்லாமல் நின்றார்கள். அவர்களிடம் திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் விளக்கை மேலே கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தேன். இரண்டு பைக்கற் பழப்புளி வாங்கியிருந்தேன், இருபத்தொன்பது குரோனர்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யப் போறியள்?" என்றாள் மனைவி.

"மினுக்கப் போறன்."

"இந்தக் கிழமையோ? ஊரே செத்தவீடாக் கிடக்குது."

"அதுதான் மினுக்கிறன். துடக்கு வீட்டிலைதான் முப்பத்தொரு நாள் விளக்குத் தொடுறேல்லை. எங்கடை வீட்டிலை ஆள் உயிரோடை இருக்கு. இதைக் கறுப்பாக் கொண்டுபோய் நாலு பேருக்கு முன்னாலை வைச்சால், அக்கா போயிட்டா எண்டு நாங்களே சொல்லுறமாதிரி."

"மச்சாள் தான் வந்து மினுக்கிறதெண்டெல்லோ எழுதினவ?"

"விக்கப் போறம். வேறை வீட்டுக்குப் போற விளக்கை ஊத்தையோடை குடுக்கிறதோ?"

அவள் சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு வந்து சங்கிலியைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் ஐம்பத்திரண்டு வளையம், நான் பறவை. புளி, உப்பு, பழைய பல்துலக்கி, இறகுகளுக்குப் பல்லுக் குத்தும் குச்சி. இருபத்தாறு குச்சிகள் முறிந்தன. பறவையின் வயிற்றிலிருந்து தட்டுக்கு வரும் துவாரம் கிணற்றடி மண்ணால் இறுகிப்போயிருந்தது. சைக்கிள் பிரேக்குக்குப் போடும் கம்பி ஒன்று முப்பத்தைந்து குரோனருக்கு வாங்கி, அதன் முறுக்கைப் பிரித்து ஒரே ஒரு இழையை உள்ளே விட்டுக் குடைந்தேன். நாலே கால் மணித்தியாலம். முடிந்தபோது குசினி விளக்கின் வெளிச்சத்தில் அது பொன்போல நின்றது. அக்காவின் கல்யாணத்தன்று இப்படித்தான் நின்றது.

மறுநாள் காலை வரிசையில் நின்ற எல்லோருடைய பொருட்களும் அழுக்காக இருந்தன. தூசி பிடித்த படங்கள், கறள் பிடித்த பெட்டி, கைபிடி கறுத்த கத்திகள். எங்களுக்கு முன்னால் நின்ற எண்பது வயது மதிக்கத்தக்க டேனிஷ்காரர் ஒரு வெள்ளிக் கோப்பிச் சாடியைக் கையிடுக்கில் வைத்திருந்தார். அது சோற்றுப்பானையின் அடிபோலக் கறுத்திருந்தது.

"பாவம்," என்றாள் மனைவி தமிழில், "மினுக்கிக் குடுக்க வீட்டிலை ஆளில்லைப் போலை."

வரிசை உள்ளே நகர்ந்ததும், இரண்டு கோப்பி முப்பது குரோனருக்கு வாங்கி ஒன்றை அவரிடம் நீட்டச் சொன்னாள். கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார். என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். நான் துவாயை விலக்கிக் காட்டினேன். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. டேனிஷ்காரர் மட்டும் முகம் வாடிப்போனார்.

"மினுக்கிவிட்டீர்களே," என்றார்.

"நேற்று. நாலே கால் மணித்தியாலம்."

அவர் தன் கறுத்த சாடியைப் பார்த்தார், என் விளக்கைப் பார்த்தார், வேறு பேச்சுக்கு மாறினார். இது எங்கே எரியும் விளக்கு என்று கேட்டார். சாமி அறையில், வீட்டில் ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்றேன். அவர் தலையசைத்தார். 1945இல் தனக்குப் பதினாறு வயது, போர் முடிந்தது என்று வானொலியில் சொன்ன அன்று தாய் ஜன்னலின் கறுப்புத் திரையைக் கிழித்துவிட்டு மெழுகுதிரி வைத்தார், இன்றைக்கும் மே 4ஆம் திகதி இரவு தானும் வைப்பதுண்டு என்றார்.

"எங்கள் போர் இந்தத் திங்கட்கிழமை முடிந்தது," என்றேன்.

"ஏற்றினீர்களா?"

"மினுக்கினேன்."

அவர் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, தன் முறை வந்தபோது எங்களை முன்னால் போகச் சொன்னார்.

நிபுணருக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைப் பருத்திக் கையுறை. பிரெடெரிசியாவில் எடுத்த படம் அவருடைய கணினியில் இருந்தது. அவர் படத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். மூன்றுமுறை.

"இதே விளக்குத்தானா?"

"இதே விளக்குத்தான். ஒரு சிறகில் இருபத்திரண்டு இறகு, மற்றதில் இருபத்தொன்று. எண்ணிப் பாருங்கள்."

அவர் எண்ணவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டார். மடிப்புகளுக்குள் இருநூறு வருடத்துப் புகையும் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து ஒரு தோல் இருந்தது, வாங்குகிறவர்கள் காசு கொடுப்பது அந்தத் தோலுக்குத்தான், அது ஒரு முறைதான் வளரும் என்று மெதுவாக விளக்கினார். கோபிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கதைப்பதுபோலக் கதைத்தார். இப்போது நாலாயிரம், அதுவும் இலையுதிர்கால ஏலத்தில், முற்பணம் கிடையாது.

மனைவிக்கு டேனிஷ் என் அளவுக்கு வராது. "என்னவாம்?" என்றாள்.

"நாலாயிரமாம்."

"ஏன்?"

"மினுக்கினதாலை."

அவள் நிபுணரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஊத்தைக்கோ பதினையாயிரம்? அப்ப உங்கடை கோட்டையும் கழட்டி வையுங்கோ, அதுக்கும் ஏதும் தருவினம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் கால் நேற்றுக் குசினித் தொட்டியில் புளித்தண்ணீரோடு போய்விட்டது என்றுதான் தோன்றியது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்த நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். வேலை செய்வதைக் காட்டினால் விலை கூடலாம் என்று முப்பத்தெட்டு குரோனர் ஐம்பது ஓரேக்கு வாங்கி வந்திருந்தேன். பறவையின் முதுகு மூடியைத் திருகிக் கழற்றி, வயிற்றை நிரப்பி, மூடினேன். சங்கிலியை மனைவி உயர்த்திப் பிடித்தாள். பறவை தட்டுக்குள் சொட்டியது. மட்டம் வந்ததும் நின்றது. நான் ஒரு கடதாசித் துவாயால் தட்டிலிருந்த எண்ணெயில் கொஞ்சத்தை ஒற்றி எடுத்தேன். பறவை மறுபடி சொட்டியது. மறுபடி நின்றது.

நிபுணர் கதிரையிலிருந்து எழும்பினார். பக்கத்து மேசையில் கோப்பைகள் பார்த்துக்கொண்டிருந்த பெண் எழும்பி வந்தார். வரிசை கலைந்தது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் சுற்றி நின்றார்கள், அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. இன்னொரு முறை செய்யச் சொன்னார்கள். ஏழுமுறை செய்தேன். உள்ளே வால்வு இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். வால்வு இல்லை, காற்றுப் புகும் துவாரம் ஒன்றுதான், எண்ணெய் மட்டம் அதை மூடினால் நிற்கும், விலகினால் சொட்டும் என்று கடதாசியில் குறுக்குவெட்டுப் படம் வரைந்து காட்டினேன். பத்தொன்பது வருடம் இந்த நாட்டில் எனக்கு ஜன்னல் சட்டத்தில் ஆணி எங்கே அடிப்பது என்று சொல்லித்தந்தவர்கள் இருந்தார்கள். அன்றுதான் நான் சொல்ல அவர்கள் கேட்டார்கள். கறுத்த சாடிக்காரர் எல்லோருக்கும் முன்னால் நின்று மெல்லக் கை தட்டினார்.

"மண் அடைத்திருந்தபோது இது சொட்டியிருக்காது," என்றார் நிபுணர்.

"இல்லை. நேற்றுத்தான் குடைந்தேன்."

அவர் ஐயாயிரம் என்று மாற்றி எழுதினார். அதுவும் இலையுதிர்காலத்தில்தான். அதற்குள் கால் இராது. நான் நன்றி சொல்லி, தட்டைத் துடைத்து, விளக்கைத் துவாயில் சுற்றினேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மனைவி, "கோழி நல்லாத்தான் சொட்டுது," என்றாள்.

மே 31, ஞாயிற்றுக்கிழமை, சீட்டுக் கூறல். அந்த முறை எங்கள் வீட்டில். விளக்கை வரவேற்பறைக் கூரைக் கொளுக்கியில் தொங்கவிட்டு மனைவி ஏற்றியிருந்தாள். மற்றப் பதினைந்து பேரும் வந்தார்கள். கதை அவர்களுக்கு முன்னரே போய்விட்டது.

"அண்ணை," என்றார் சீட்டுப் பிடிப்பவர், "பத்தாயிரம் குரோனரைப் புளி போட்டுக் கழுவின ஆள் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்."

"பத்தாயிரம் தொடக்கம் பதின்மூவாயிரம் வரை," என்றேன். "சரியாச் சொல்லும்."

சிரித்தார்கள். அந்த இரண்டு கிழமையில் அவர்களில் யாரும் சிரித்து நான் காணவில்லை.

கூறல் தொடங்கியது. நான் மனதில் கணக்கு வைத்திருந்தேன். என்னிடம் உள்ளதோடு சேர்த்துச் சரிவர, கழிவு ஆயிரத்து இருநூறைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்று தெரியும். போன முறை நாலாயிரத்து நூறுவரை கேட்டுத் தோற்றவர் எதிரிலேயே இருந்தார். அவருடைய இரண்டு தம்பிமாரின் குடும்பங்களும் முகாமில். இருந்தும் நான்தான் முதலில் வாய் திறந்தேன்.

"ஐந்நூறு."

"ஐந்நூறு ஒருதரம்," என்றார் சீட்டுப் பிடிப்பவர்.

அவர் எதிரிலிருந்தவரைப் பார்த்தார். எதிரிலிருந்தவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐந்நூறு ரெண்டுதரம்."

பதினைந்து பேரில் ஒருவரும் அசையவில்லை. தட்டில் எண்ணெய் குறைந்து பறவை சொட்டியது. அறையில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணை," என்றார் எதிரிலிருந்தவர், "உது கோழியில்லை, அன்னம்தான்."

"மூண்டுதரம்."

பதினையாயிரத்து ஐந்நூறு குரோனரை எண்ணி என் கையில் வைத்தார்கள். நான் மறுபடி எண்ணவில்லை. என் வாழ்க்கையில் அது ஒருமுறைதான். மறுநாள் காசு கொழும்புக்குப் போனது, அனுப்பும் கூலி நூற்றிருபது.

ஜூன் 9ஆம் திகதி தகடு வைத்தார்கள். கால் இருக்கிறது, ஒன்றரை சென்ரிமீற்றர் குட்டை. மூன்று கிழமைக்குப் பிறகு அக்காவே தொலைபேசி எடுத்தார்.

"எவ்வளவுக்கு வித்தனி?"

"விக்கேல்லை அக்கா. மினுக்கினன்."

"நான் வந்து மினுக்கிறன் எண்டெல்லோ எழுதினனான்?"

"ஓம்."

"சிறகெல்லாமோ?"

"நாப்பத்திமூண்டும்."

"அப்ப நான் அங்கை வந்து என்னத்தைச் செய்யிறது?"

"எண்ணெய் விடலாம்."

"சொட்டுதோ?"

"சொட்டுது."

அவர் பக்கத்தில் யாரிடமோ அதைச் சொல்வது கேட்டது. "தம்பி மினுக்கினவனாம். சொட்டுதாம்." பெருமையாகத்தான் சொன்னார். குரலில் தெரிந்தது.

அந்த விளக்கால் எனக்குப் பெரிய நட்டம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். விற்காத பொருளுக்கு நட்டக் கணக்கு எழுதும் வழக்கம் என்னிடம் இல்லை. ரயில், பஸ், கோப்பி, புளி, பிரேக் கம்பி, நல்லெண்ணெய், காசு அனுப்பிய கூலி, சீட்டுக் கழிவு எல்லாம் கூட்டிப் பார்த்திருக்கிறேன். தொளாயிரத்து ஐம்பது குரோனர், ஐம்பது ஓரே.